கண்ணாடிக்குள் அம்மாவின் காசு

லெம்னோஸ்,
9 நவம்பர் 1957

என் அருமை அண்ணன் ப்ரோத்ரோமோஸுக்கு,

முதலில் உன் உடம்பு எப்படி என்று சொல். அந்த இருமல் விட்டதா? நாங்கள் இங்கே சுகம். மாமியாருக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் ஃபோட்டிஸ் சரக்குக் கப்பலோடு தென்னமெரிக்காப் பக்கம் போயிருக்கிறார், கோடை வரை வரமாட்டார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். இது ஐந்தாம் மாதம். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன், இப்போது வயிறே காட்டிக்கொடுத்துவிட்டது. சந்தோஷப்படத் தெரியவில்லை, அண்ணா. பயமாக இருக்கிறது. முதல் பையன் பன்னிரண்டாம் நாள் போனான். அடுத்த பெண் முப்பத்தோராம் நாள். நாற்பது நாள் முடிந்து ஒரு பிள்ளையைக் கோவில் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனதே இல்லை நான். நேற்று ஊர் அடுப்பில் ரொட்டி சுடப் போனேன். நான் பின்னால் நிற்பது தெரியாமல் மாமியார் பேசிக்கொண்டிருக்கிறாள்: "நம்ம மருமகளுக்கு வயித்துல தங்குது, தொட்டில்லதான் தங்க மாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்ற?" மாவை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அம்மாவின் காசு எனக்கு வேண்டும். துருக்கிக் கரையிலிருந்த நம் அய்வலி ஊரிலிருந்து ஓடி வந்தபோது பாவாடை மடிப்பில் தைத்துக்கொண்டு வந்தாளே, அந்தக் குழிந்த செம்புக் காசு. நடுவில் சிலுவையைப் பிடித்துக்கொண்டு புனித கொன்ஸ்தந்தீனோஸும் அவர் தாயார் எலேனியும் நிற்பார்களே, அதுதான். உன்னையும் என்னையும் நாற்பது நாள் காத்தது அந்தக் காசுதான் என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! கண்ணை மூடுமுன் உன் கையில் வைத்து, "உங்க ரெண்டு பேர்ல யாருக்குப் புள்ள பொறக்குதோ, அவங்களுக்கு" என்றாள். முன் இரண்டு தடவையும் நான் கேட்கவில்லை. ஃபோட்டிஸ் சிரிப்பார் என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கு இரண்டு சின்னக் குழி தோண்டியாகிவிட்டது.

கப்பல் சமையல்காரர் மனோலிஸிடம் கொடுத்தனுப்பு. நம்பகமான மனிதர். ஒரு பை அத்திப்பழ வற்றல் அவரிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்.

உன்னை முத்தமிடும் தங்கை,
எவாந்தியா


சலோனிக்கா,
2 டிசம்பர் 1957

அன்புத் தங்கை எவாந்தியாவுக்கு,

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் முதல் வேண்டுதல். என் இருமல் குறைந்துவிட்டது. வற்றல் வந்தது, பாதியை மனோலிஸே தின்றுவிட்டார் போலிருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழுதேன் என்று சொன்னால் நம்புவாயா? இங்கே வந்துவிடு. நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, தெருமுனையில் எனக்குத் தெரிந்த நர்ஸ் இருக்கிறாள். என் அறையை நீ எடுத்துக்கொள், நான் சமையல்கட்டில் படுத்துக்கொள்வேன்.

அருங்காட்சியகத்தில் வேலை வழக்கம்போல. வணிகர் ஒருவர் எழுதிவைத்த வீடுதானே, ஆறு அறை, ஒரு இயக்குநர், ஒரு காவல்காரன் நான். என் பெரிய தொல்லை மூன்றாம் பெட்டி. ராஜாக்கள் காலத்துச் செம்புக் காசுகள் அதில் இருக்கின்றன. சந்தைக்கு வரும் பெண்கள் நேரே அதன் முன் வந்து சிலுவை போட்டுக்கொண்டு கண்ணாடியை முத்தமிடுகிறார்கள். நாளெல்லாம் உதட்டுத் தடங்களைத் துடைப்பதே என் உத்தியோகம். இயக்குநர் தலையில் அடித்துக்கொள்கிறார்: "அம்மா, அது கொன்ஸ்தந்தீனோஸ் இல்லம்மா! எண்ணூறு வருஷத்துக்கு முந்தி இருந்த வேற ராஜா!" ஒருத்தி திருப்பிக் கேட்டாள்: "உங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்கா பிரசவ வலி வந்துச்சு?" அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கம்பளி நூல் இரண்டு பந்து அனுப்புகிறேன். கனமான குடம் தூக்காதே. உன் மாமியாருக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்,
ப்ரோத்ரோமோஸ்


லெம்னோஸ்,
20 டிசம்பர் 1957

அன்பு அண்ணனுக்கு,

நீ சுகம் என்பதில் மகிழ்ச்சி. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நூல் மிருதுவாக இருக்கிறது. ஆனால் அண்ணா, நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்டதற்குப் பதில் அதில் ஒரு வரி இல்லை. விளக்கடியில் வைத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வேண்டாம். முப்பத்தோரு நாள் இருந்த பெண்ணை டாக்டர் நான்கு தடவை பார்த்தார். அவர் என்ன செய்வார் பாவம், ஒன்றும் இல்லை என்றுதான் நான்கு தடவையும் சொன்னார்.

காசு எங்கே? விற்றுவிட்டாயா? தொலைத்துவிட்டாயா? எதுவானாலும் சொல், திட்டமாட்டேன். சொல்லாமல் இருக்காதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்கள் முத்தமிடுவது யார் வீட்டுக் காசை?

கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்துகள்.

எவாந்தியா


சலோனிக்கா,
14 ஜனவரி 1958

அன்புத் தங்கைக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதாகப் பிறக்கட்டும். பனி அதிகம், ஆனால் எனக்கு ஒன்றுமில்லை.

காசு பத்திரமாக இருக்கிறது. தொலையவும் இல்லை, விற்கவும் இல்லை. வாடகை அறையில் வைக்கப் பயந்துகொண்டு அருங்காட்சியகத்திலேயே வைத்தேன். ஆம், மூன்றாம் பெட்டியில்தான். திருடன் வந்தாலும் தொட முடியாத இடம், அதனால்தான். சாவி இயக்குநரிடம். அவர் ஏதென்ஸ் போயிருக்கிறார், பிப்ரவரி பிறந்ததும் வருவார். வந்ததும் வாங்கி மனோலிஸ் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ கவலையே படாதே, கவலைதான் பிள்ளைக்கு ஆகாது.

உன் அண்ணன்,
ப்ரோத்ரோமோஸ்


லெம்னோஸ்,
5 பிப்ரவரி 1958

அன்பு அண்ணனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு மூச்சு வாங்குகிறது, மற்றபடி நலம். பிள்ளை உதைக்கிறது.

உன் கடிதம் வந்ததும் பெருமூச்சு விட்டேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. அது என்ன வேடிக்கைப் பொருளா, ஊர் பார்க்க வைக்க? பிள்ளையின் நெஞ்சில் கிடக்க வேண்டியது அண்ணா அது. மாமியாரிடம் சொன்னேன். "உங்கண்ணன் நல்ல ஆளுடி! கடவுளையே கம்பி எண்ண வச்சுட்டான்!" என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் நடுவில் என்கிறாள் மருத்துவச்சி. அதற்கு முன் கப்பல் நான்கு தடவைதான் வரும். தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எவாந்தியா


சலோனிக்கா,
27 பிப்ரவரி 1958

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

காசை அனுப்பியிருக்கிறேன். கைக்குட்டையில் முடிந்து மனோலிஸிடம் கொடுத்தேன். அழுக்காக இருந்தது, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் பளபளப்பாக இருக்கும், புதிதாகத் தோன்றும். ஊரில் யாரிடமும் காட்டிக்கொண்டு திரியாதே. இதைப் பற்றிக் கடிதத்தில் நிறைய எழுதவும் வேண்டாம்.

ப்ரோத்ரோமோஸ்


லெம்னோஸ்,
21 மார்ச் 1958

என் கண்ணான அண்ணனுக்கு, இன்றைக்கு உலகத்திலேயே சுகமாக இருக்கிறவள் எழுதுவது,

ஆண் பிள்ளை! போன வெள்ளிக்கிழமை, பதினான்காம் தேதி காலையில். இன்று எட்டாம் நாள். தலை நிறைய முடி, மூக்கு நம் அப்பாவின் மூக்கு, குரல் மாமியார் குரல். நீதான் ஞானத்தந்தை, வேறு யாரையும் கேட்கப்போவதில்லை. பெயர் எல்லாம் நாற்பது முடிந்த பிறகு. இப்போது பெயர் இல்லாமல்தான் கிடக்கிறான், "டேய்" என்றால் போதும்.

காசு பிறந்த அன்றே அவன் நெஞ்சில் ஏறிவிட்டது. அண்ணா, நீ எப்படித்தான் தேய்த்தாயோ! எலேனியம்மாளின் முகம் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. அம்மா வைத்திருந்தபோது தேய்ந்து மூக்கே இருக்காதே. மூன்றாம் நாளிலிருந்து தண்ணீரும் கொடுக்கிறேன். ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஜனவரியில் பாதிரியார் ஆசீர்வதித்த தண்ணீரில் இரண்டு சொட்டு ஒயினை விட்டுக் காசைப் போட்டு வைத்து, காலையும் மாலையும் ஒரு கரண்டி. அம்மா நமக்குக் கொடுத்தாளாம்.

குழிவில் பச்சையாக ஒரு பொடி வருகிறது. துடைத்தால் மறுநாள் மறுபடி வருகிறது. துடைக்கப் போனால் மாமியார் கையைத் தட்டிவிடுகிறாள். "ஏய், அது புனிதரோட வேர்வைடி! உம்புள்ளைக்காக நின்னு வேர்க்கிறாரு, தொடைக்கிற!" செம்புப் பானையில் இத்தனூண்டு பச்சை கண்டால் அன்றே ஈயம் பூச ஆள் கூப்பிடுகிறவள் அவள்! எனக்கும் அவள் சொல்வது சரி என்றுதான் பட்டது. இருந்தாலும் நாளை எண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் போக வேண்டும். முப்பத்தோராம் நாள் போக வேண்டும்.

உன்னை நூறு முறை முத்தமிடும்,
எவாந்தியா


தந்தி
சலோனிக்கா, 28 மார்ச் 1958

காசுத் தண்ணீரை உடனே நிறுத்து. விஷம். காசு அம்மாவுடையது இல்லை. டாக்டரைக் கூப்பிடு. ப்ரோத்ரோமோஸ்


சலோனிக்கா,
28 மார்ச் 1958

எவாந்தியா,

உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. தந்தி கிடைத்ததா? பிள்ளை எப்படி இருக்கிறான்?

இன்று காலை உன் கடிதம் வந்தது. தண்ணீர் கொடுக்கிறாய் என்று அதில்தான் படித்தேன். நெஞ்சில் கட்டுவாய் என்று மட்டும்தான் நினைத்தேன். குடிக்கக் கொடுப்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன மறுமாதம் இந்த வேலைக்கு வந்தேன். இயக்குநர், "அய்வலிக்காரரா நீங்க? வீட்ல பழைய பொருள் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். காசைக் கொடுத்தேன். இரவலாக இல்லை, கையெழுத்துப் போட்டு அன்பளிப்பாக. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைத்து என் பெயரை அச்சடித்தார்கள். என் பெயரை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. தினமும் துடைக்கும் சாக்கில் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். உன் முதல் கடிதம் வந்தபோது இதைத்தான் எழுத முடியவில்லை.

பிப்ரவரியில் இயக்குநரிடம் அதைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். "பதிவேட்டுல ஏறினது இனி நாட்டோட சொத்து. தங்கச்சிய நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழ் இழுப்பறையில் நோய் வந்த காசுகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. மண்ணிலிருந்து எடுத்தவை. பச்சைப் பொடி பூத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்பவை. அவற்றை யாரும் எண்ணுவதில்லை. அம்மாவுடையதைப் போலவே உருவமும் ஓட்டையும் உள்ள ஒன்றை எடுத்தேன். பச்சை தெரியாமல் இருக்க எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். உனக்கு வேண்டியது நம்பிக்கைதானே, எந்தக் காசானால் என்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

காசுகளைக் கழுவிப் பாதுகாக்கும் வலாஸ் என்பவர் இங்கே வாரம் ஒரு நாள் வருவார். அவர் அந்தத் தட்டைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ரொட்டி தின்னமாட்டார். உன் கடிதத்தோடு அவரிடம் ஓடினேன். "அந்தக் காசு ஊறின தண்ணிய யாராவது குடிச்சா என்ன சார் ஆகும்?" என்றேன். சிரித்தார். "செம்புக் களிம்புய்யா அது. அதுலயும் உப்பு போட்டுத் தேய்ச்சா இன்னும் பொங்கும். பெரிய ஆளுக்கே கொடலப் பொரட்டிரும். எவன் குடிப்பான்?" பிறந்த பிள்ளை என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இங்க நின்னு என்ன பேசிட்டிருக்க? தந்தி ஆபீசுக்கு ஓடு!" என்று கத்தினார். தொப்பிகூட இல்லாமல் ஓடினேன்.

அம்மாவின் காசு இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை வருஷம் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த காசு அது, அதில் பச்சையே இல்லை. கெடுத்தது நான்தான். ஒரே ஒரு வார்த்தை எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

ப்ரோத்ரோமோஸ்


சலோனிக்கா,
9 ஏப்ரல் 1958

எவாந்தியா,

இரண்டு கப்பல் வந்துவிட்டது. துறைமுகத்துக்குப் போய் நிற்கிறேன். மனோலிஸ், "உங்க தங்கச்சி ஊர்ப் பக்கம் நான் போகல, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இயக்குநரிடம் போய் நானே சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது. போலீசுக்குப் போகவில்லை, காசு திரும்பி வந்தால் போதும் என்றார். அது கிடக்கட்டும். கோவில் பக்கம் போகிறேன், உள்ளே நுழைய முடியவில்லை. இன்று பன்னிரண்டும் போய் இருபத்தேழாம் நாள். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், எவாந்தியா. எண்ணுவது சரிதானா என்று மட்டும் சொல்.

ப்ரோத்ரோமோஸ்


லெம்னோஸ்,
14 ஏப்ரல் 1958

ப்ரோத்ரோமோஸ்,

பிள்ளை உயிரோடு இருக்கிறான்.

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். நான் இருந்த மாதிரி நீயும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். நேற்று ஈஸ்டர். எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டபோது இனி முடியாது என்று தோன்றியது, எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் கடந்துவிட்டது என்று நான் மூச்சு விட்ட மறுநாள் வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கரண்டியை நான்காக்கினேன். அவன் கக்கக் கக்க நான் ஊற்றினேன். அண்ணன் அனுப்பிய காசு இருக்கிறது, பிழைத்துவிடுவான் என்று ஊற்றினேன். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்கமாட்டேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் உதடு நீலமாகிவிட்டது. கை துவண்டு தொங்குகிறது. பாதிரியார் பக்கத்து ஊருக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார். முன் இரண்டு பிள்ளைகளும் ஞானஸ்நானம் இல்லாமல், பெயர் இல்லாமல் போனவை, சிலுவையில் எழுத ஒரு எழுத்து இல்லை. மாமியார்தான் கத்தினாள்: "தூக்குடி! இதுவும் பேரில்லாமப் போயிரக் கூடாது! எனக்குக் கை நடுங்குது, நீ தூக்கு! ஆகாயத்துல வச்சுப் பேரச் சொல்லு!"

பாதிரியார் இல்லாதபோது சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் கொடுக்கலாமே, அந்த ஆகாய ஞானஸ்நானம். முற்றத்துக்கு ஓடி வந்து அவனை மூன்று முறை வானத்தைப் பார்க்கத் தூக்கி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயரால் பெயர் வைத்தேன். அப்புறம் உள்ளே வந்து மறுபடி கரண்டியை எடுத்தேன். அந்த நேரத்தில்தான் தபால்காரர் லாம்ப்ரோஸ் கீழ்த்தெருவிலிருந்தே தந்தியைக் கத்திக்கொண்டு ஓடி வருகிறார். "எவாந்தியா! தண்ணி குடுக்காதே! உங்கண்ணன் சொல்றான், விஷமாம்! காசு உங்கம்மாதில்லையாம்!" ஊர் முழுக்கக் கேட்டது. கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. மாமியார் கிண்ணத்தைத் தூக்கித் தெருவில் வீசினாள். லாம்ப்ரோஸே கழுதையை அடித்துக்கொண்டு போய் டாக்டரைக் கூட்டி வந்தார். இன்னும் ஒரு நாள் கொடுத்திருந்தால் நீயே கொன்றிருப்பாய் என்றார் டாக்டர். ஐந்து நாள் கழித்துத்தான் ஒழுங்காகப் பால் குடித்தான். இப்போது பாதி எடைதான் இருக்கிறான், ஆனால் அழுகிறான், நன்றாக அழுகிறான்.

உன் திருட்டுக் காசை மனோலிஸிடம் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் காசை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், அந்த அட்டையோடு.

இனி ஒன்று மிச்சம் இருக்கிறது. வழக்கப்படி அவனுக்கு ஃபோட்டிஸின் அப்பா பெயர் வந்திருக்க வேண்டும், அகாபியோஸ் என்று. தூக்கியபோது அது என் வாயில் வரவில்லை. சின்ன வயதில் நாய் துரத்தினாலும், இடி இடித்தாலும், அம்மா போன அன்றும் நான் எந்தப் பெயரைக் கத்தினேனோ, அதுதான் வந்தது. மூன்று முறையும் அதுதான் வந்தது. பிள்ளையின் பெயர் ப்ரோத்ரோமோஸ்.

தந்தி இரண்டு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பெயரை என் நாக்கு தொட்டிருக்காது. பாதிரியாரிடம் போய், மாற்ற முடியுமா என்று கேட்டேன். "ஆகாயத்துல வச்ச பேரும்மா, இறக்க முடியாது. மத்த சடங்க நாற்பது முடிஞ்சதும் வந்து செஞ்சுக்க" என்றார். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு அவளே அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் வரவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை அதைச் சொல்லித்தான் பால் கொடுக்க வேண்டியிருக்கிறது, குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. கோபமாக ஆரம்பிக்கிறேன், அவன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் கோபம் போய்விடுகிறது. அப்புறம் உன் ஞாபகம் வருகிறது, கோபமும் மறுபடி வருகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். பேனா போகவில்லை. அதை வேறொரு நாள் பார்க்கலாம்.

இருபத்து மூன்றாம் தேதி, புனித யோர்கோஸ் நாளில், நாற்பது முடிகிறது. கோவிலுக்குப் போக வேண்டும். ஞானத்தந்தை இல்லாமல் பாதிரியார் தொடமாட்டார். சனிக்கிழமைக் கப்பலில் வா. வெறுங்கையோடு வா. அவனைத் தூக்க உனக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

எவாந்தியா